பார்கோடு பிரிப்பும் இடச்சான்றும்: பைக்காரா வடிநிலத்தை முன்வைத்து

முக்குர்த்திச் சிகரத்தின் அடியில் பிறக்கும் பைக்காரா ஆறு, நீலகிரி மேட்டுநிலத்தின் விளிம்பில் சரிந்து இறங்கி, மாயாறு என்ற பெயரில் ஓடிப் பவானிசாகரில் பவானியோடு சேர்கிறது. 1932-இல் மின்னுற்பத்தி தொடங்கியது முதல் இந்த ஆற்றின் நீர் அணைகளிலும் குழாய்களிலும் அடங்கி நடந்தாலும், அதற்கு நீர் தரும் சிற்றோடைகள் பலவும் சோலைக்காட்டு மடிப்புகளுக்குள் இன்னும் தம்போக்கில் ஓடுகின்றன. இத்தகைய மலையில் ஓர் உயிரினம் ‘உண்டு’ என்பது பாதிச் செய்திதான். ‘எந்த ஓடையில்’ என்பதே மீதிப் பாதி. வி. வி. ராபின், உமா ராமகிருஷ்ணன் உள்ளிட்டோர் 2017-இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைப் பறவைகளுக்கு ஷோலிகோலா, மாண்டிசிங்க்லா என்ற இரண்டு புதிய பேரினங்களை நிறுவியபோது, அவர்களுடைய வாதம் பாலக்காட்டுக் கணவாய் போன்ற தாழ்நிலங்கள் பறவைக் குலங்களைப் பிரித்துவைத்த வரலாற்றின் மேல் நின்றது. மாதிரி கணவாய்க்கு வடக்கே எடுத்ததா தெற்கே எடுத்ததா என்பதில் ஐயம் எழுந்தால் அந்த வாதத்துக்கு அடித்தளமே இராது. இன்று ஓடைநீரிலும் விலங்கின் எச்சத்திலும் கிடைக்கும் டி.என்.ஏ.வை வைத்து இதே வகைக் கேள்விகளைக் கேட்கிறோம். ஆனால் மாதிரியின் இடத்தைச் சொல்லும் சான்று இப்போது மென்பொருள் ஒன்றின் கைக்கு மாறியிருக்கிறது. அந்த மாற்றத்துக்கு ஏற்ற எச்சரிக்கை நம் ஆய்வு வழக்கத்தில் இன்னும் வரவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஃபிரெடெரிக் சாங்கரின் டி.என்.ஏ. வரிசையறிதல் முறையில் ஒவ்வொரு மாதிரியும் தனிக் குழாயில் வினைபுரிந்து, தனி வரிசையாக வெளிவந்தது. குழாயின் மேல் ஒட்டிய சீட்டுதான் இடச்சான்று. சீட்டு மாறினால் பிழை. மாறாவிட்டால் கேள்வி இல்லை. இன்றைய பேரளவு வரிசையறிதலில் நூற்றுக்கணக்கான மாதிரிகள் ஒரே கலவையாகச் சேர்ந்து இயந்திரத்தின் ஒரே ரன்னில் ஓடுகின்றன. கலக்கும் முன் ஒவ்வொரு மாதிரியின் மூலக்கூறுகளின் முனையிலும் 6 முதல் 24 எழுத்து நீளமுள்ள செயற்கைத் துண்டு ஒன்று பொருத்தப்படுகிறது. அதுதான் பார்கோடு. (2003-இல் பால் ஹீபர்ட் முன்வைத்த, இனங்களை அடையாளம் காட்டும் மரபணுப் பார்கோடு வேறு; இங்கே பேசப்படுவது மாதிரிக்கு இடும் குறி.) இயந்திரம் கோடிக்கணக்கான ரீட்களை, அதாவது மூலக்கூறுகளின் எழுத்துச் சரங்களை, வாசித்து முடித்த பின், அந்தக் குறியைத் தேடிப் பிடித்து, குறிக்குரிய மாதிரியின் கோப்பில் ரீட்டைச் சேர்ப்பது மென்பொருளின் வேலை. தபால் நிலையத்தில் பின்கோடு பார்த்துக் கடிதம் பிரிப்பதைப் போன்ற எழுத்தர் வேலையாகவே இது கருதப்படுகிறது. ஆய்வுக் கட்டுரைகளின் முறையியல் பகுதியிலும் பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. ஆனால் இயந்திரம் தருவது எழுத்துச் சரம் மட்டுமே. ‘இந்தச் சரம் இன்ன ஓடையிலிருந்து வந்தது’ என்பது அதிலிருந்து நாம் ஊகித்துப் பெறும் முடிவு. தரவு என்ற பெயரில் நம் கைக்கு வருவது ஏற்கெனவே ஒரு தீர்ப்பைத் தாங்கி வருகிறது.

அந்தத் தீர்ப்பு எப்படி உருவாகிறது என்பதை நெருங்கிப் பார்க்க வேண்டும். இரண்டு ஓடைகளுக்கு இரண்டு குறிகள் கொடுத்ததாக வைத்துக்கொள்வோம்: முதல் ஓடைக்கு ஏ-சி-ஜி-டி-ஏ-சி, இரண்டாவதற்கு ஏ-சி-ஜி-டி-டி-ஜி. இரண்டுக்கும் கடைசி 2 எழுத்துகளில் மட்டுமே வேறுபாடு. இப்போது ஏ-சி-ஜி-டி-டி-சி என்று தொடங்கும் ரீட் ஒன்று வருகிறது. முதல் குறியிலிருந்தும் அது 1 எழுத்துத் தொலைவில் இருக்கிறது, இரண்டாவதிலிருந்தும் 1 எழுத்துத் தொலைவில் இருக்கிறது. எந்த ஓடை? 1950-இல் ரிச்சர்ட் ஹாமிங் பிழைதிருத்தும் குறியீடுகளைப் பற்றி எழுதியதிலிருந்தே விடை தெரியும்: குறிகளுக்கிடையே குறைந்தது 3 எழுத்து வேறுபாடு இருந்தால்தான் 1 பிழையைத் திருத்த முடியும், 2 மட்டுமே இருந்தால் பிழை நேர்ந்தது தெரியும், திருத்த வழியில்லை. இல்லுமினா நிறுவனத்தின் பிசிஎல்2ஃபாஸ்ட்க்யூ மென்பொருள் தன் இயல்பமைப்பில் 1 பிழையை அனுமதிக்கிறது. ஆனால் குறிகள் இப்படி மோதிக்கொள்ளும் என்றால் ஓட மறுத்துவிடுகிறது. அது நல்ல வடிவமைப்பு. மார்செல் மார்ட்டின் 2011-இல் வெளியிட்ட கட்அடாப்ட் வேறு வழியில் செல்கிறது: எந்தக் குறி சிறப்பாகப் பொருந்துகிறது என்று மதிப்பெண் போட்டுப் பார்க்கிறது, மதிப்பெண்ணும் பிழை எண்ணிக்கையும் சமமானால், பட்டியலில் முதலில் நிற்கும் குறியை எடுத்துக்கொள்கிறது. அப்படியானால் மேற்சொன்ன ரீட் எந்த ஓடைக்கு உரியது என்பதை, குறிப்பட்டியலைத் தட்டச்சு செய்தவர் எந்த ஓடையை முதலில் எழுதினார் என்பது தீர்மானித்துவிடும்.

இது கட்அடாப்ட்டின் குறை என்று நான் சொல்லவில்லை. அது பொதுப்பயன் கருவி. அடாப்டர் என்னும் செயற்கை முனைகளை ரீட்டிலிருந்து வெட்டி எடுப்பதே அதன் முதல் நோக்கம். அந்த நோக்கத்துக்கு உகந்த இயல்பமைப்புகள் பிரித்தெடுக்கும் வேலைக்கு உகந்தவையாக இருந்தாக வேண்டும் என்பதில்லை. பிழைவீதத்தின் இயல்பு மதிப்பு 0.1. 6 எழுத்துக் குறிக்கு அதன் பொருள், ஒரு பிழைக்கும் இடமில்லை என்பது. ரீட்கள் குறைவாகக் கிடைக்கின்றனவே என்று ஆய்வாளர் அதை 0.2 ஆக்கினால் 1 பிழை அனுமதிக்கப்படும்; மேலே கண்ட மோதல் அந்த நொடியில் உயிர்பெறுகிறது. இன்னொரு இயல்பமைப்பு அதைவிடக் கவனிக்கத்தக்கது. குறி ரீட்டின் தொடக்கத்தில் முழுமையாக இருந்தே தீர வேண்டும் என்று நிபந்தனை இடாவிட்டால், குறியின் கடைசி 3 எழுத்துகள் ரீட்டின் தொடக்கத்தில் இருப்பதே பொருத்தமாகக் கொள்ளப்படும். குறிப்பிட்ட 3 எழுத்துகள் தற்செயலாக அமையும் வாய்ப்பு 64-இல் 1. ஒரு ரன்னில் 24 குறிகள் இருந்து, அவை வேறு வேறு 3 எழுத்துகளில் முடிந்தால், குறியே இல்லாத ஓர் அநாதை ரீட்டுக்கு ஏதேனும் ஒரு மாதிரியின் பெயர் கிடைக்கும் வாய்ப்பு 64-இல் 24, அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். தொடக்கத்தில் பொருந்தியே ஆக வேண்டும் என்ற நிபந்தனையை இடும் வழியைக் கருவியின் கையேடு தெளிவாகவே சொல்கிறது. அதற்கு வேண்டியது ஒற்றைக் குறியெழுத்து. அது இடப்பட்டதா என்பதை அறிய, வெளியான கட்டுரையைப் படிப்பவருக்கு வழியில்லை. ‘கட்அடாப்ட் கொண்டு பிரித்தோம்’ என்ற வரி இரண்டுக்கும் பொதுவாகவே இருக்கும். நானோபோர் இயந்திரங்களின் ரீட்களில் எழுத்து மாறுவதோடு, எழுத்து விடுபடுவதும் கூடுவதும் நிகழ்வதால் சிக்கல் இன்னும் கூடுகிறது. ஓர் எழுத்து விடுபட்டால் அதற்குப் பின்னுள்ள எல்லாம் ஓரிடம் நகர்ந்துவிடும். ஹாமிங் கணக்கு அங்கே செல்லாது. இதற்கெனத் தனி வகைக் குறிகளை புஷ்மனும் பிஸ்ட்ரிக்கும் 2013-இல் வகுத்துத் தந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டே ஃபேர்கிளாத்தும் கிளென்னும் புழக்கத்திலிருந்த குறித்தொகுதிகளைச் சோதித்து, பலவற்றில் குறிகளுக்கிடையே போதிய தொலைவு இல்லை என்று காட்டியிருந்தார்கள்.

இதுவரை சொன்னது எழுத்துப்பிழையால் வரும் மயக்கம். எழுத்துப்பிழையே இல்லாத, முழுமையான, ஆனால் தவறான குறி வருவது இன்னும் கடினமான வழக்கு. கலவையில் எஞ்சி மிதக்கும் ஒரு மாதிரியின் குறித்துண்டு, பெருக்கத்தின்போது வேறொரு மாதிரியின் மூலக்கூறில் ஒட்டிக்கொள்கிறது. குறி தாவிவிட்டது. மென்பொருள் பார்ப்பது பிழையற்ற குறியை. ஐயப்பட அதற்குக் காரணமே கிடையாது. கிர்ஷர், சாயர், மையர் மூவரும் 2012-இல், ஒற்றைக் குறி முறையில் 0.3 விழுக்காடு வரை ரீட்கள் தவறான மாதிரிக்குச் சென்றதைக் காட்டினார்கள். சூழல் டி.என்.ஏ. ஆய்வுகளில் பயன்படும் குறியிட்ட பிரைமர்களில் இந்தத் தாவல் 2 விழுக்காட்டைத் தாண்டுவதை ஷ்னெல், போமன், கில்பர்ட் ஆகியோர் 2015-இல் பதிவு செய்தனர். 2017-இல் ஹைசெக் 4000 இயந்திரத்தில் 5 முதல் 10 விழுக்காடு வரை தாவல் நிகழ்ந்ததாக ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அறிவித்தபோதுதான் இது பொதுக் கவலையானது.

0.3 விழுக்காடு என்றால் 99.7 விழுக்காடு சரியாகத்தானே இருக்கிறது என்று கேட்கலாம். இந்த மறுப்பே நான் அடிக்கடி எதிர்கொள்வது, நியாயமாகவும் தோன்றுவது. பைக்காரா வடிநிலத்தை வைத்துக் கணக்கிட்டுப் பார்ப்போம். வானவில் டிரவுட் நீலகிரிக்கு வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட மீன். எச். சி. வில்சனின் முயற்சியில் 1907-இல் அவலாஞ்சியில் அதற்குப் பொரிப்பகம் அமைந்தது. அவலாஞ்சியின் நீர் குந்தா வழியே பவானிக்குச் செல்வது. பைக்காராவின் கிளையோடைகள் வேறு வடிநிலத்தைச் சேர்ந்தவை. டிரவுட் ஏறாத ஓடைகள் எவை என்பது அங்குள்ள தவளைகளையும் உள்ளூர் மீன்களையும் காக்க நினைக்கும் எவரும் கேட்கும் கேள்வி. 96 நீர்மாதிரிகள் ஒரே ரன்னில் போகின்றன, அவற்றுள் ஒன்று அவலாஞ்சிப் பொரிப்பகத்தின் கீழே எடுத்தது, அதிலிருந்து மட்டும் 10 லட்சம் டிரவுட் ரீட்கள் வருகின்றன என்று கொள்வோம். 0.3 விழுக்காடு தாவினால் 3,000 ரீட்கள். செலவு கருதி ஒரு முனைக்கு 8 குறி, மறுமுனைக்கு 12 குறி என்று வைத்து, 8-ஐ 12-ஆல் பெருக்கி 96 இணைகளை உண்டாக்கியிருந்தால், ஒரு முனையில் தாவிய ரீட் போய்ச் சேரக்கூடியது அந்த மாதிரியோடு ஒரு குறியைப் பகிரும் 18 மாதிரிகளில். அவை ஒவ்வொன்றிலும் சராசரியாக 167 டிரவுட் ரீட்கள் வந்துவிழும். 10 ரீட்களுக்கு மேல் வந்தால் ‘உண்டு’ என்பது நம் வரம்பானால், டிரவுட் ஒன்றுகூட இல்லாத 18 ஓடைகள் டிரவுட் ஓடைகளாகப் பதிவாகும். மொத்த ரீட்களின் பங்காகப் பார்த்தால் பிழை அற்பம். ஓடைகளின் பட்டியலாகப் பார்த்தால் வரைபடமே பொய். உண்டு இல்லை என்ற கேள்வியில் பிழையை ரீட் கணக்கில் அளப்பதே தவறான அளவுகோல்.

இதற்குத் தீர்வு ஏற்கெனவே இருக்கிறதே என்பது அடுத்த மறுப்பு. உண்மைதான். ஒவ்வொரு மாதிரிக்கும் இரு முனைகளிலும் வேறு எதற்கும் கொடுக்கப்படாத தனிக் குறிகளைக் கொடுத்தால், ஒரு முனையில் தாவிய ரீட் எந்த மாதிரிக்கும் உரியதல்லாத இணையோடு வந்து, ‘பிரிக்கப்படாதவை’ கோப்பில் போய் விழும். மேற்கண்ட 3,000 ரீட்களும் அங்கே சேரும். இரு முனையும் ஒருங்கே தாவி, அதுவும் ஒரே மாதிரியின் இணையாக அமைவது மிக அரிது. இந்த வழியை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் அதன் விலையையும் சொல்ல வேண்டும். பெருக்கல் முறைக்கு 20 குறித்துண்டுகள் போதும். தனியிணை முறைக்கு 192 வேண்டும். சிறு நிதியில் இயங்கும் கல்லூரி ஆய்வகங்கள் பெருக்கல் முறையைக் கைவிடாததற்குக் காரணம் அறியாமை அன்று, இந்தக் கணக்குதான். மேலும், நாளை எடுக்கப்போகும் மாதிரிகளுக்கே தனியிணைகள் உதவும். நேற்றுவரை பெருக்கல் முறையில் ஓடிய ரன்களின் முடிவுகள் இனப்பட்டியல்களிலும் பரவல் வரைபடங்களிலும் ஏற்கெனவே ஏறிவிட்டன.

களம் அறிந்த ஆய்வாளர் தவறான பதிவைக் கண்டதும் தள்ளிவிடுவார் என்றும் சொல்லப்படுகிறது. சோலை ஓடையில் கடல்மீன் வந்தால் தள்ளுவார், ஐயமில்லை. ஆனால் அவர் தள்ளுவது நடக்கவே முடியாததை மட்டும். டிரவுட் ஒரு பைக்காரா ஓடையில் இருப்பது நடக்கக்கூடியதே. நடக்கக்கூடிய பிழைதான் கண்ணில் படாமல் தங்கிவிடும். எதிர்பார்ப்புக்கு மாறான எல்லாவற்றையும் தள்ளினாலோ, டிரவுட் உண்மையிலேயே புதிய ஓடையில் ஏறிய ஆண்டில் நாம் அதைக் காணாமல் போவோம். வேங்கைப்புலி ஆய்வில் இதன் விளைவு இன்னும் கூர்மையானது. மேகனா நடேஷ், உமா ராமகிருஷ்ணன் முதலானோர் 2019-இல் வெளியிட்ட முறை, புலியின் எச்சம் போன்ற சிதைந்த மாதிரிகளிலிருந்து ஒற்றை எழுத்து மாறுபாடுகளைப் பன்மடிப் பெருக்கத்தால் எடுத்துக் குறைந்த செலவில் புலியைத் தனித்தனியே அடையாளம் காண வழி திறந்தது. இந்தியக் காட்டியல் ஆய்வுக்கு அது பெரும் கொடை. அந்த வகைத் தரவில் குறி தாவினால் என்ன ஆகும்? முதுமலையில் கிடைத்த புதிய எச்சம் லட்சக்கணக்கில் ரீட் தருகிறது. முக்குர்த்திப் புல்வெளியில் வெயிலிலும் மழையிலும் கிடந்த எச்சம் தன் சொந்த ரீட் எதையுமே தராமல் தோற்றுப்போகிறது. தாவி வந்த ரீட்கள் அந்த வெற்றிடத்தை நிரப்பினால் இரண்டு எச்சமும் ஒரே புலியினுடையவை என்று தரவு சொல்லும். மாயாற்றுச் சமவெளியிலிருந்து மேட்டுநிலம்வரை ஒரு புலி ஏறிச்சென்றது என்ற முடிவு அதிலிருந்து பிறக்கும். அப்படி ஒரு வழித்தடம் மெய்யாகவே இருக்கலாம். ஆனால் அதற்கு இது சான்றாகாது.

கடுமையான விதிகள் அரிய மாதிரிகளை வீணடிக்கும் என்ற மறுப்பில் பொருள் உண்டு. மழைக்காலத்தில் முக்குர்த்தியில் எடுத்த மாதிரியை மறுமுறை எடுக்க முடியாமல் போகலாம். ஆனால் பிழை அனுமதியைத் தளர்த்துவதே ரீட்டை மீட்கும் ஒரே வழி என்று கொள்ள வேண்டியதில்லை. கேப்ரியல் ரெனோவும் சக ஆய்வாளர்களும் 2015-இல் வெளியிட்ட டீஎம்எல் என்ற மென்பொருள், பிழைகளை எண்ணுவதை விட்டு, ஒவ்வொரு எழுத்துக்கும் இயந்திரமே தரும் நம்பகத்தன்மை மதிப்பைக் கொண்டு, அந்த ரீட் எந்த மாதிரிக்கு உரியதாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிடுகிறது. மங்கலாக வாசிக்கப்பட்ட எழுத்தில் வரும் முரணும் தெளிவாக வாசிக்கப்பட்ட எழுத்தில் வரும் முரணும் ஒன்றல்ல என்ற எளிய உண்மையை அது மதிக்கிறது. இவ்வகைக் கணக்கே சரியான திசை என்பது என் மதிப்பீடு. ரீட்டோடு அந்த நிகழ்தகவும் அடுத்தடுத்த கட்டங்களுக்குச் செல்ல வேண்டும். ஆனால் முழுமையாகத் தாவிய குறிக்கு இதுவும் மருந்தாகாது என்பதை மறக்கக் கூடாது. அங்கே எழுத்துகள் அனைத்தும் தெளிவாகவே இருக்கும்.

வெற்று மாதிரிகள் போதாதா என்றால், போதா. நீரே சேர்க்காத வெற்றுக் குழாயில் டிரவுட் வந்தால், ஆய்வகத்தில் மாசு கலந்ததா, இயந்திரத்தில் குறி தாவியதா என்று அது சொல்லாது. இரண்டையும் பிரித்தறிய மலிவான வழி ஒன்று உண்டு. 96 இணைகளில் சிலவற்றை எந்த மாதிரிக்கும் கொடுக்காமல் விட்டுவிட வேண்டும். அந்த இணைகளில் எந்தக் குழாயும் இல்லை. ஆகவே மாசுபட வழியும் இல்லை. அங்கே வந்து விழும் ரீட்கள் அனைத்தும் தாவியவையே. அந்த எண்ணிக்கையே அந்த ரன்னின் தாவல் வீதத்தைச் சொல்லிவிடும். ‘10 ரீட்’ போன்ற வரம்பைக் கைப்பழக்கத்தால் வைக்காமல் அளந்து வைக்கலாம். பெருக்கல் முறையை விட முடியாத ஆய்வகமும் இதைச் செய்யலாம்: இழப்பது சில மாதிரிகளுக்கான இடம் மட்டுமே.

இவ்வளவும் செய்தாலும், தரவை எந்த வடிவில் காப்பகத்தில் வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. இன்றைய வழக்கப்படி காப்பகத்துக்குச் செல்பவை மாதிரிவாரியாகப் பிரித்து முடித்த கோப்புகள். குறிகள் வெட்டப்பட்டிருக்கும், ‘பிரிக்கப்படாதவை’ கோப்பு இருக்காது. தாவல் வீதத்தைச் சொல்லும், எந்த மாதிரிக்கும் கொடுக்கப்படாத இணைகள் அந்தக் கோப்பில்தான் இருந்தன. பின்னால் வரும் ஆய்வாளர் தீர்ப்பை மட்டும் பார்க்கிறார். வழக்கை மறுபடி விசாரிக்க அவருக்குச் சான்று இல்லை. ஃபரிதாபாத்தில் 2022 நவம்பரில் திறக்கப்பட்ட இந்திய உயிரியல் தரவு மையம் இந்த வழக்கத்தை மாற்றக்கூடிய இடத்தில் இருக்கிறது. சூழல் டி.என்.ஏ. தரவையும் எச்சத் தரவையும் பெறும்போது, குறி வெட்டப்படாத மூல ரீட்கள், எந்தக் குறி எந்த மாதிரிக்கு என்ற அட்டவணை, கொடுக்கப்படாத இணைகளின் பட்டியல், மென்பொருளின் பதிப்பெண்ணோடு அது ஓடிய முழுக் கட்டளை வரி ஆகியவற்றை அது கேட்டுப் பெற வேண்டும். கோப்பின் அளவு பெருகும் என்பது மெய்யான தடைதான். ஆனால் பைக்காராவுக்கும் முக்குர்த்திக்கும் மறுபடி ஆள் அனுப்பி, அதே பருவத்தின் நீரை அள்ளிவரும் செலவோடு ஒப்பிட்டே அந்தத் தடையை எடைபோட வேண்டும். ஆய்விதழ்களும் தம் பங்குக்கு, ஓர் இனம் முதன்முறையாக ஓர் ஓடையில் பதிவாகிறது என்று கோரும் கட்டுரையிடம், அந்த ரன்னில் அந்த இனத்தின் ரீட் மிகுதியாக இருந்த மாதிரி எது, அதோடு குறி பகிர்ந்த மாதிரிகள் எவை என்று கேட்கலாம். பழைய ரன்களின் மூலக் கோப்புகள் வரிசையறிதல் நிலையங்களின் வட்டுகளில் இன்னும் அழிக்கப்படாமல் இருக்கும் இடங்களில், கொடுக்கப்படாத இணைகளை எண்ணும் வேலையை இப்போதே தொடங்கலாம். அதற்குப் புதிய மாதிரியோ புதிய கருவியோ தேவையில்லை.